ஈஸ்ட் ஹாமின் பழைய சுவர்கள்: ‘லிஸ்டட்’ கட்டடம் என்றால் என்ன?

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டைத் தெரியாத தமிழர் குறைவு. முருங்கைக்காய், நகை, சேலை, கொத்து ரொட்டி என்று எதற்கும் அங்கேதான் போகிறோம். அடுத்த முறை போகும்போது ஒன்று செய்து பாருங்கள். கடைகளைக் கடந்து, பார்க்கிங் (Barking) ரோடு சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் தாண்டி, தெற்கே நடந்துகொண்டே இருங்கள். அரைமணி நேர நடையில், ஏ13 நெடுஞ்சாலையின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே, மரங்கள் அடர்ந்த பெரிய கல்லறைத் தோட்டம் ஒன்று வரும். அதன் நடுவே ஒரு சிறிய கற்கோயில். புனித மரிய மக்தலேனா தேவாலயம் அது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த சுவர்கள். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்து இன்னும் 100 ஆண்டுகூட ஆகாத காலம்.

இத்தனை நூற்றாண்டுகளாக இது எப்படி நின்றது என்பதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். இனியும் நிற்கும் என்று நம்புவதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு: சட்டம் இதைக் காக்கிறது. இங்கிலாந்தில் இப்படிக் காக்கப்படும் கட்டடத்தை ‘லிஸ்டட் பில்டிங்’ என்கிறார்கள். பட்டியலில் ஏறிய கட்டடம். வீடு வாங்க அலைந்தவர்கள் இந்தச் சொல்லை எப்படியும் கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் “ஐயோ, லிஸ்டட் வீடா, அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாதாம்” என்ற எச்சரிக்கையோடுதான் கேட்டிருப்பார்கள். அது உண்மையில்லை. உண்மை என்ன என்பதை, நமக்குப் பழக்கமான இந்த ஊரை வைத்தே பார்க்கலாம்.

முதலில் ‘பாரிஷ்’ என்ற சொல். ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த ஊர்ப்பரப்பும் சேர்ந்தது பாரிஷ். கத்தோலிக்கர் இதைப் பங்கு என்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கோயிற்பற்று என்றால் உடனே புரியும். போர்த்துக்கேயர் குடாநாட்டைத் தேவாலயங்களை மையமாக வைத்துப் பிரித்ததில் நிலைத்த சொல் அது. இங்கிலாந்திலும் ஏறக்குறைய அதே கதைதான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பாரிஷ்தான் பதிவுசெய்தது. ஏழைகளுக்கு உதவி, தெருக்களைச் செப்பனிடுதல் எல்லாம் அதன் பொறுப்பில்தான் இருந்தன. பின்னால் 19ஆம் நூற்றாண்டில் அரசாங்க வேலைக்கான பாரிஷ் வேறு, திருச்சபையின் பாரிஷ் வேறு என்று பிரிந்தது.

ஈஸ்ட் ஹாம் அப்போது லண்டனே இல்லை. எசெக்ஸ் மாவட்டத்தில், தேம்ஸ் ஆற்றோரச் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு கிராமப் பாரிஷ். ரயில் வந்தது, துறைமுகங்கள் வந்தன, அவற்றின் பின்னால் வரிசை வரிசையாகச் செங்கல் வீடுகள் வந்தன. 1891-ல் ஏறத்தாழ 33,000 பேர் இருந்த ஊரில் 1901-ல் ஏறத்தாழ 96,000 பேர். பத்தே ஆண்டுகளில் மூன்று மடங்கு! 1965-ல் வெஸ்ட் ஹாமோடு சேர்ந்து நியூஹாம் ஆனது. திருச்சபையின் பாரிஷ் இன்றும் இருக்கிறது, அரசாங்கத்தின் பாரிஷ் போய்விட்டது.

புறநகரில் பழைய கட்டடம் அரிதாக இருப்பதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வயல்களையும் பண்ணை வீடுகளையும் தெருக்கள் விழுங்கிவிட்டன. தப்பியவை சில மட்டுமே. வரலாற்றுக் கட்டடம் என்றதும் அரண்மனையும் கோட்டையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. புறநகர்ப் பாரிஷில் அவை இருக்காது. ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஒரு நகர மண்டபம், ஒரு நூலகம், சில கல்லறைகள் என்றுதான் இருக்கும். அவற்றை விட்டால் அந்த ஊருக்குத் தன் பழைய முகத்தைக் காட்ட வேறொன்றும் இல்லை. அதனால்தான், ஒரு கோட்டையைக் காப்பதைவிட இவற்றைக் காப்பது அவசரமான வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. கோட்டையை இடிக்க யாரும் வரமாட்டார்கள். மதுக்கடையை இடித்து அடுக்குமாடி கட்ட நாளைக்கே ஆள் வரும்.

சரி, இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? அதைச் சொல்ல மறுபடி அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கே போக வேண்டும். அங்கே பெயர்ப் பலகை இல்லாத குழி ஒன்றில் வில்லியம் ஸ்டூக்லி என்பவர் கிடக்கிறார். 1765-ல் இறந்தவர். மருத்துவராக இருந்து பிறகு பாதிரியாரானவர், ஐசக் நியூட்டனின் நண்பர். இவர் பல ஆண்டுகளைச் செலவழித்தது ஸ்டோன்ஹெஞ்ச், ஏவ்பரி ஆகிய இடங்களில் உள்ள கற்கால வட்டங்களை அளந்து வரைவதில். 1720-களில் இவர் ஏவ்பரியில் நின்று வரைந்துகொண்டிருந்த நாட்களிலேயே, ஊர்க்காரர்கள் அந்தக் கற்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லைக் குழியில் சாய்த்து, வைக்கோல் போட்டு எரித்து, சூடேறியதும் தண்ணீரை ஊற்றி, சம்மட்டியால் அடித்துப் பிளப்பார்கள். வீடு கட்டக் கல் வேண்டுமே. தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. ஸ்டூக்லியால் முடிந்தது ஒன்றுதான்: அழிவதற்கு முன் வரைந்து வைப்பது. ஏவ்பரிக்குப் பக்கத்தில் ‘சாங்சுவரி’ என்ற கல்வட்டம் அவர் கண் முன்னாலேயே முழுதாக அழிந்தது. 1930-ல் அது இருந்த இடத்தை மறுபடி கண்டுபிடிக்க உதவியவை அவர் வரைந்த படங்கள்தான்.

அவர் இறந்து நூறு ஆண்டுக்குப் பிறகும் ஏவ்பரியில் நிலத்தைத் துண்டுபோட்டு வீடு கட்ட முயன்றார்கள். ஜான் லபக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தன் காசைப் போட்டு அந்த நிலத்தை வாங்கித் தடுத்தார். எத்தனை இடத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்கிக் காக்க முடியும்? பல ஆண்டுகள் போராடி 1882-ல் பழைய சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரிட்டனின் முதல் பாதுகாப்புச் சட்டம் அது. அப்போது அதில் சேர்ந்தவை 68 இடங்கள்தான், பெரும்பாலும் கற்கால மேடுகளும் கல்வட்டங்களும். ஆட்கள் குடியிருக்கும் வீட்டைத் தொட அந்தச் சட்டத்துக்கு அதிகாரம் இல்லை.

வீடுகளும் தெருக்கட்டடங்களும் பாதுகாப்புக்குள் வந்தது குண்டுகளால். 1940-ல் ஜெர்மன் விமானங்கள் லண்டனைத் தாக்கத் தொடங்கியபோது, சேதமான கட்டடங்களில் எதைத் தாங்கிப்பிடிக்க வேண்டும், எதை இடித்துத் தள்ளலாம் என்று ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஊர் ஊராகக் கட்டடக் கலைஞர்கள் போய், காப்பாற்ற வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு வந்தார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஈஸ்ட் ஹாமும் அக்கம்பக்கமும் அந்த நாட்களில் வாங்கிய அடி சாதாரணமானதல்ல. அந்த அவசரக் குறிப்புகளிலிருந்து பிறந்ததுதான் இன்றைய பட்டியல். 1944-லும் 1947-லும் வந்த நகரத் திட்டமிடல் சட்டங்கள் அதை நாடு முழுவதற்குமாக ஆக்கின. 1968-லிருந்து, பட்டியலில் உள்ள கட்டடத்தை மாற்றுவதற்கு என்றே தனி அனுமதி ஒன்று வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1990-ன் சட்டம்.

இன்று இங்கிலாந்தில் மட்டும் கிட்டத்தட்ட 4 லட்சம் பதிவுகள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. மூன்று தரம். மிக உயர்ந்தது கிரேடு ஒன்று, பட்டியலில் 2.5 சதவீதம். நம் மரிய மக்தலேனா தேவாலயம் இந்தத் தரம். அதற்கு அடுத்தது கிரேடு இரண்டு நட்சத்திரம், 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மீதி ஏறக்குறைய 92 சதவீதமும் கிரேடு இரண்டு. இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. கிரேடு இரண்டு என்றால் பாதுகாப்பும் இரண்டாம் தரம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. மாற்றம் செய்ய அனுமதி வேண்டும் என்ற சட்டம் மூன்றுக்கும் ஒன்றேதான். (ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் தரம் பிரிக்கும் முறை வேறு. இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு.)

எதைச் சேர்ப்பது என்பதற்கு அடிப்படையானவை இரண்டு: கட்டடக் கலையில் அதற்கு உள்ள சிறப்பு, வரலாற்றில் உள்ள சிறப்பு. 1700-க்கு முன் கட்டி, பழைய வடிவம் பெரும்பாலும் மிஞ்சியிருந்தால் அநேகமாகச் சேர்ந்துவிடும். 1700 முதல் 1850 வரை கட்டியவற்றிலும் பெரும்பாலானவை சேரும். பிறகு வந்தவை நிறைய இருப்பதால் சலித்துத்தான் எடுப்பார்கள். 1945-க்குப் பின் வந்தவற்றுக்கு இன்னும் கடுமை. ‘கட்டடம்’ என்பதையும் தாராளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகள், கல்லறைகள், மதில்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. லண்டன் ஏபி ரோட்டில் உள்ள பாதசாரிக் கடவைகூட 2010-ல் சேர்ந்தது. ஒரு கட்டடத்தைச் சேர்க்கும்படி நீங்களோ நானோ யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அமைப்பு ஆராய்ந்து பரிந்துரைக்கும், பண்பாட்டுத் துறை அமைச்சர் முடிவெடுப்பார்.

இனி அந்த ஆணிக் கதைக்கு வருவோம். பட்டியலில் ஏறியது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல அல்ல. மாற்றலாம், சீர்படுத்தலாம், குடியிருக்கலாம், வியாபாரம் செய்யலாம். கட்டடத்தின் சிறப்பைத் தொடும் வேலை எதுவானாலும் முதலில் கவுன்சிலிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கேட்காமல் செய்தால் அது குற்றம். வரம்பில்லாத அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. காப்பு வெளிச்சுவருக்கு மட்டும்தான் என்றும் சிலர் நினைக்கிறார்கள். பட்டியல் குறிப்பில் விலக்கு எதுவும் சொல்லவில்லையென்றால் உள்ளே இருக்கும் படிக்கட்டு, கதவு, அடுப்படிக் கணப்பு எல்லாமே சேர்த்துத்தான். வளவுக்குள் 1948 ஜூலை 1-க்கு முன்னால் கட்டிய கொட்டகையும் மதிலும்கூடச் சேரலாம்.

வீடு வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன்னிருந்தவர் அனுமதி இல்லாமல் பழைய ஜன்னலைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் ஜன்னல் போட்டிருந்தால், அதைச் சரிசெய்யச் சொல்லும் ஆணை இப்போதைய உரிமையாளராகிய உங்களிடம் வரும். இத்தனை ஆண்டுக்குப் பிறகு கேட்க முடியாது என்ற காலக்கெடுவும் அதற்குக் கிடையாது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தேசியப் பட்டியலில் முகவரியைத் தேடிப் பாருங்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் சுண்ணாம்பு. இது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். பழைய சுவரில் செங்கல்லையோ கல்லையோ பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. அது மென்மையானது. மழையில் சுவர் கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும், வெயிலிலும் காற்றிலும் காரை வழியாக அந்த ஈரம் வெளியேறிவிடும். இப்போது ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார். இடுக்குகளில் உதிர்ந்த காரையைச் சுரண்டிவிட்டுக் கெட்டியான சிமெண்டைப் பூசுகிறார். பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் சிமெண்ட் வழியாக ஈரம் லேசில் வெளியேறாது. அது செங்கல்லுக்குள்ளேயே நிற்கும். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும், செங்கல்லின் முகம் தகடு தகடாகக் கழன்று விழும். சில குளிர்காலங்கள் போனால் சிமெண்ட் மட்டும் கம்பி வலைபோல நீட்டிக்கொண்டிருக்கும், நடுவிலிருந்த செங்கல் தேய்ந்து குழியாகியிருக்கும். நூற்றாண்டுகளாக நின்ற சுவரைக் கெடுக்க ஒரு மூட்டை சிமெண்டும் ஒரு நாள் கூலியும் போதும். கேட்டுவிட்டுச் செய் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான். கேட்கும்போது, இதைத் தெரிந்த ஒருவர் நடுவில் வந்துவிடுகிறார்.

தேவாலயங்களுக்கு மட்டும் வழி கொஞ்சம் வேறு. இங்கிலாந்துத் திருச்சபை, கத்தோலிக்கத் திருச்சபை, மெதடிஸ்ட் போன்ற சில சபைகள் தமக்கென்று கண்டிப்பான அனுமதி முறை வைத்திருப்பதால், வழிபாடு நடக்கும் அவர்களது கட்டடங்களுக்குக் கவுன்சிலின் லிஸ்டட் அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. ஈஸ்ட் ஹாம் செம்ஸ்ஃபர்ட் மறைமாவட்டத்தில் இருக்கிறது. மரிய மக்தலேனாவில் ஒரு பழைய இருக்கையை எடுக்க வேண்டுமென்றால் அந்த மறைமாவட்டத்தின் சட்ட நீதிபதியிடம் ‘ஃபாகல்டி’ என்ற உத்தரவைப் பெற வேண்டும். ஆலோசனைக் குழு ஒன்று பார்த்துக் கருத்துச் சொல்லும். பீடம் இருக்கும் பகுதியின் உட்சுவரில் வளைவும் வளைவும் பின்னிக்கொண்டு ஓடும் நார்மன் வேலைப்பாடு இருக்கிறது. நான் அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம், எத்தனை தலைமுறை கண்கள் இதே வளைவுகளில் ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அந்தச் சுவர்மேல் கண்டபடி ஒருவரும் கைவைக்க முடியாது என்பது எனக்கு நிம்மதி.

இந்த விலக்கு இந்துக் கோயில்களுக்கு இல்லை. நம்மவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் லண்டனில் நம் கோயில்கள் சில பழைய கிறிஸ்தவக் கட்டடங்களில்தான் தொடங்கின. வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கும் தெருவின் பெயரே சாப்பல் ரோடு, அதாவது சிற்றாலயத் தெரு. பட்டியலில் உள்ள ஒரு பழைய சாப்பலை நாளை ஒரு தமிழ்ச் சங்கம் வாங்கினால், வாகன மண்டபத்துக்காகச் சுவரை உடைப்பதற்கு முன் கவுன்சிலிடம் போக வேண்டும். கும்பாபிஷேகத் தேதியைக் குறித்த பிறகு இது தெரியவந்தால் எவ்வளவு சங்கடம்!

அப்புறம் ஈஸ்ட் ஹாமின் மற்றக் கட்டடங்கள். பார்க்கிங் ரோடு சந்தியில் பார்த்த மணிக்கூட்டுக் கோபுரம் 1903-ல் திறந்த நகர மண்டபத்தினுடையது. ஹென்றி சியர்ஸ், ஜோசப் ஸ்மித் என்ற இருவர் வரைந்தது. செங்கல்லும் சுட்ட மண் அலங்காரமுமாக எழுந்து நிற்கும். மூன்று மடங்காகப் பெருத்த ஓர் ஊர், தானும் பெரிய ஊர்தான் என்று காட்ட ஆசைப்பட்டுக் கட்டியது. அங்கிருந்து மேற்கே, கிரீன் ஸ்ட்ரீட் மூலையில் போலின் டேவர்ன். 1900-ஐ ஒட்டிக் கட்டிய விக்டோரியா கால மதுக்கடை. சமீபத்தில் பெரிய அளவில் புதுப்பித்தார்கள். உள்ளே செதுக்கிய கண்ணாடித் தட்டிகள் மறுபடி வந்திருக்கின்றன.

அந்தப் ‘போலின்’ என்ற பெயர் வந்த வீடு இப்போது இல்லை. கிரீன் ஸ்ட்ரீட் ஹவுஸ், ஊர் வாயில் போலின் காஸ்டில். 16ஆம் நூற்றாண்டு வீடு. எட்டாம் ஹென்றியின் மனைவி ஆன் போலின் அங்கே இருந்தாள் என்று ஊரில் ஒரு கதை. உண்மையோ இல்லையோ, அந்தக் கதையால்தான் மதுக்கடைக்குப் பெயர் வந்தது, பக்கத்தில் 1904 முதல் ஆடிய வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் மைதானத்துக்கும் பெயர் வந்தது. 1955-ல் வீட்டை இடித்தார்கள். பிறகு மைதானமும் 2016-ல் அணி வெளியேறிய பின் இடிந்தது. இப்போது பெயரைச் சுமந்துகொண்டு நிற்பது அந்த மதுக்கடை.

சட்டம் இருந்தும் கட்டடம் போகாதா என்றால், போயிருக்கிறது. 1980-ல் லண்டனின் மேற்கே ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலையைப் பட்டியலில் சேர்க்க இருந்தார்கள். அதற்கு முன்வந்த ஆகஸ்ட் விடுமுறை நாட்களில் அதன் அழகான முகப்பை இடித்து முடித்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் நாடு முழுவதும் பட்டியலை மறுபடி சரிபார்க்கும் வேலை வேகம் பிடித்தது. 35 ஆண்டு கழித்து, 2015-ல் மெய்டா வேலில் கார்ல்டன் டேவர்ன் என்ற மதுக்கடைக்கும் அதே கதி. பட்டியலில் ஏற்றுவது பற்றிப் பேச்சு நடக்கும்போதே அனுமதியில்லாமல் இடித்தார்கள். இந்த முறை கவுன்சில் விடவில்லை. இருந்தபடியே திருப்பிக் கட்டு என்று உத்தரவு போட்டது. ஊர்க்காரர்கள் முன்யோசனையாக விண்ணப்பித்திருந்ததால், ஆய்வாளர்கள் கட்டடத்தை முன்பே விவரமாகப் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். ஓடும் செங்கல்லுமாக அதைத் திரும்ப எழுப்பி 2021-ல் திறந்தார்கள். ஊர்க்காரர்கள் அந்த விண்ணப்பத்தை எழுதியிராவிட்டால் திருப்பிக் கட்டுவதற்குப் பார்த்துச் செய்ய ஒன்றுமே இருந்திருக்காது.

மேனர் பார்க்கில் சர்ச் ரோடு என்று ஒரு தெரு. லண்டன் ஸ்ரீ முருகன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை. அந்தத் தெருவுக்குச் சர்ச் ரோடு என்று பெயர் வரக் காரணமான சர்ச்சும் அதே தெருவில்தான் இருக்கிறது: லிட்டில் இல்ஃபர்ட் புனித மரியாள் தேவாலயம். லிட்டில் இல்ஃபர்ட் முன்பு தனிப் பாரிஷ். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கி 1724-ல் பெரும்பகுதி புதுப்பித்த சிறிய கட்டடம். அர்ச்சனை முடிந்து கையில் பிரசாதத்தோடு வெளியே வரும்போது ஐந்து நிமிடம் அந்தப் பக்கமும் நடந்து பார்த்துவிட்டு வரலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

இன்னும் நேரம் இருந்தால் மரிய மக்தலேனாவின் கல்லறைத் தோட்டத்துக்கு. 9 ஏக்கருக்கு மேல், இப்போது இயற்கைச் சரணாலயமும்கூட. ஸ்டூக்லியின் குழியைத் தேட வேண்டாம், கிடைக்காது. தன் மேல் கல் நடக்கூடாது, புல்லைச் சமமாகப் பரப்பிவிடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டாராம். ஆண்டுக்கணக்கில் கற்களை அளந்தவர், அந்தப் புல்லுக்கு அடியில் எங்கோ இருக்கிறார்.